எழுவினாவில் எங்கள் பத்திரம் எங்கே?

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தில் வரும் ‘எழுவினா’ என்பது, வழக்கில் முடிவு செய்ய வேண்டியவை என்று நீதிபதி எழுதிவைக்கிற கேள்வி. ‘உறுத்துக்கட்டளை’ என்பது கோர்ட் போடும் தடை உத்தரவு. கடிதத்தின் சாரம் இது:

“எங்களுக்கு 1 ஏக்கர் 12 சென்ட் முந்திரித் தோப்பு. அப்பா 1986-ல் கிரயம் வாங்கியது. பத்திரம், பட்டா எல்லாம் இருக்கிறது. தானே புயலில் மரமெல்லாம் விழுந்து, வேலியும் போய்விட்டது. மறு வருஷமே புதுக் கன்று வைத்தோம். 2021-ல் பக்கத்து நிலத்துக்காரர், எனக்குப் பெரியப்பா முறை, கிழக்குப் பக்கம் 20 சென்ட் தன்னுடையது என்று கல் ஊன்ற வந்தார். 2022-ல் முன்சீப் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டோம். அப்பாவும் அவரும் 1994-ல் வாய்மொழியாக நிலம் மாற்றிக்கொண்டார்கள் என்றும், அன்றிலிருந்து அந்த 20 சென்ட் தன் அனுபவத்தில் இருக்கிறது என்றும், நாங்கள் போட்ட வழக்கே செல்லாது என்றும் பதில் போட்டிருக்கிறார். போன மாதம் எழுவினா போட்டார்கள். வக்கீல் குமாஸ்தா போனில் படித்துக் காட்டினார். மொத்தம் இரண்டே வரி. ‘வாதி கோரியபடி நிரந்தர உறுத்துக்கட்டளைப் பரிகாரம் கிடைக்கத்தக்கதா? வாதிக்குக் கிடைக்கக்கூடிய இதர பரிகாரங்கள் யாவை?’ எங்கள் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜட்ஜ் எங்கள் வழக்கைப் படித்தாரா? இதை யார் முடிவு செய்கிறார்கள்? மாற்ற முடியுமா? அவருடைய நிலத்தில் கிணற்றடியில் எங்கள் மோட்டார் கொட்டகை இருக்கிறது. அது அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது, அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு எதிர்வழக்குரையின், அதாவது உங்கள் வழக்குரைக்குப் பெரியப்பா தரப்பு எழுதிக் கொடுத்த பதிலின், நகலையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அது இல்லாவிட்டால் என்னால் பொதுவாக ஏதோ நாலு வார்த்தைதான் சொல்லியிருக்க முடியும். முழுதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனதை உறுத்துகிற விஷயம். பத்திரத்தைப் பற்றி எழுவினா இல்லையே என்கிறீர்கள். எதிர்வழக்குரையில் 4-ஆவது பத்தியை எடுத்துப் பாருங்கள். “வாதியின் தகப்பனார் 1986-ல் கிரயம் பெற்றது உண்மையே” என்று பெரியப்பா தரப்பே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரு தரப்பு சொல்லி, இன்னொரு தரப்பு ஒப்புக்கொண்ட விஷயத்தில் நீதிபதி முடிவு சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. அதை நீங்கள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை. ஆகவே பத்திரம் எழுவினாவில் வராமல் போனதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அந்த அளவுக்கு உங்கள் வழக்கு ஏற்கெனவே ஜெயித்த மாதிரிதான்.

எழுவினா எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதியும் விளங்கிவிடும். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 14-ஆவது கட்டளை என்ற பகுதி முழுக்க இதற்காகவே இருக்கிறது. வழக்குக்கு அடிப்படையான ஒரு விஷயத்தை ஒரு தரப்பு ‘ஆமாம்’ என்று சொல்ல, மறு தரப்பு ‘இல்லை’ என்று மறுக்கும்போதுதான் எழுவினா எழுகிறது. இரண்டு பேச்சும் முட்டிக்கொள்கிற இடத்தில் எழுவதால்தான் அந்தப் பெயர். யார் பக்கம் நியாயம், யார் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்பதையெல்லாம் அந்தக் கட்டத்தில் நீதிபதி பார்ப்பதில்லை. உங்கள் வழக்குரையில் எழுதியிருப்பதையும் பெரியப்பா எதிர்வழக்குரையில் எழுதியிருப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறார். கூடவே இரு தரப்பும் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். கட்சிக்காரரையோ வக்கீலையோ கூப்பிட்டு, “இதை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?” என்று நேரடியாகக் கேட்கலாம். அப்படிக் கேட்கச் சொல்லி 10-ஆவது கட்டளை இருக்கிறது. நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பத்து நிமிஷம் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும்.

எழுவினாவை வனைவது நீதிபதியின் கடமை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எதிர்வழக்குரை வந்த பிறகு ‘எழுவினாவுக்கு’ என்று ஒரு வாய்தா போடுவார்கள். இரு தரப்பு வக்கீல்களும் வரைவு எழுவினா கொடுக்கலாம். கொடுத்தால் நீதிபதி அதைப் பார்த்துத் திருத்தி எழுதுவார். கொடுக்காவிட்டால் வழக்குரையின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்டிருக்கிற பரிகாரத்தைப் பார்த்து, அதையே ஒரு கேள்வியாக்கி, ‘இதர பரிகாரங்கள் யாவை’ என்று சேர்த்து முடித்துவிடுவது உண்டு. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வழக்குக் கட்டு வருகிற கோர்ட்டில் இது நடக்கும். உங்கள் வழக்கில் நடந்ததும் இதுதான் என்று அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே தெரிகிறது. ஜட்ஜ் படித்தாரா என்று கேட்டிருந்தீர்கள். அதோடு, உங்கள் தரப்பிலிருந்து வரைவு ஏதாவது போனதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மஞ்சக்குப்பத்தில் ஒரு சீனியரிடம் இருந்தேன். எழுவினா வாய்தாவுக்கு முந்தின நாள் அவர் வேறு எந்தக் கட்டையும் தொடமாட்டார். ஒரு முழுத்தாளை நெடுக்காக மடிப்பார். இடப்பக்கம் வழக்குரையின் ஒவ்வொரு பத்தியையும் ஒரு வரியில் எழுதுவார். வலப்பக்கம், அதற்கு எதிராளி என்ன சொல்லியிருக்கிறார் என்று எழுதுவார். ‘ஒப்பு’, ‘மறுப்பு’, ‘தெரியாது என்கிறார்’, ‘பேசவே இல்லை’ என்று சின்னச் சின்னதாக. பிறகு சிவப்புப் பென்சிலால் மறுப்பு இருக்கிற வரிகளை மட்டும் வட்டம் போடுவார். அதிலும் வழக்கின் முடிவை மாற்றக்கூடிய வட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுவார். கடைசியில் நாலைந்து வட்டம் மிஞ்சும். அதுதான் வழக்கு என்பார். ‘பேசவே இல்லை’ என்று குறித்ததையும் அவர் விடமாட்டார். குறிப்பிட்டு மறுக்காத விஷயம் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும் என்பது 8-ஆவது கட்டளையின் விதி. மொத்தமாக ‘வழக்குரையில் உள்ள அனைத்தையும் மறுக்கிறேன்’ என்று ஒற்றை வரி போடுவது சரியான மறுப்பு ஆகாது.

உங்கள் வழக்குரை என்னிடம் இல்லை. கடிதத்தில் சொன்னதை வைத்து, எதிர்வழக்குரையோடு சேர்த்து நானும் அப்படி ஒரு தாளை மடித்து எழுதிப் பார்த்தேன். நாலு வட்டம் மிஞ்சியது.

முதலாவது, 1994-ல் வாய்மொழிப் பரிவர்த்தனை, அதாவது நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டது, நடந்ததா? நடந்தது என்கிறார் அவர், நடக்கவில்லை என்கிறீர்கள் நீங்கள். இது நிகழ்ச்சியைப் பற்றிய கேள்வி. நடந்தது என்று சொல்கிறவர் அவர் என்பதால் நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. உங்கள் வழக்கு 2022-ல் போட்டது, ஆகவே பழைய 1872 சாட்சியச் சட்டப்படியே நடக்கும். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் இந்த விதி மாறவில்லை.

அந்தப் பரிவர்த்தனை நடந்தது என்றே வைத்துக்கொண்டால், அது சட்டப்படி நிற்குமா என்பது இரண்டாவது. இது முழுக்கச் சட்டக் கேள்வி. நிலத்தை நிலத்துக்கு மாற்றிக்கொள்வதும் விற்பனையைப் போலத்தான் நடக்க வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலம் என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வாய்ப்பேச்சில் 20 சென்ட் கைமாறி உரிமை போய்விடாது. இங்கே உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது.

ஆனால் இதோடு ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது வட்டம், எதிரிடை அனுபோகம். பத்திரமில்லாத அந்த மாற்றம் செல்லாது என்றே கோர்ட் சொன்னாலும், அதை நம்பி 1994 முதல் அவர் அந்த இடத்தைத் தனக்குச் சொந்தமாக, வெளிப்படையாக, விடாமல் 12 ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார் என்று நிரூபித்தால், செல்லாத மாற்றமே அவருடைய அனுபோகத்துக்கு ஆரம்பத் தேதியைக் கொடுத்துவிடும். பத்திரம் இல்லையே, அவர் என்ன செய்ய முடியும் என்று நிறையப் பேர் அசந்துபோவது இந்த இடத்தில்தான். இதையும் நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். எந்தத் தேதியிலிருந்து, எந்த விதத்தில், உங்களுக்குத் தெரியும்படியாக வைத்திருந்தார் என்றெல்லாம் அவர் காட்டியாக வேண்டும். வெறும் ‘ரொம்ப நாளாக அனுபவிக்கிறேன்’ போதாது.

நாலாவதுதான் உங்கள் தலைமேல் விழுகிறது. வழக்குப் போட்ட தேதியில் அந்த 20 சென்ட் உங்கள் சுவாதீனத்தில், அதாவது உங்கள் கைவசம், இருந்ததா? உறுத்துக்கட்டளை கேட்கிறவர் இதை நிரூபித்தே ஆகவேண்டும். 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி. அந்த இடத்தில் யார் கன்று வைத்தார்கள், யார் கொட்டை பொறுக்கினார்கள், யார் கொட்டை விற்றார்கள் என்பதுதான் கேள்வி. 2011 டிசம்பர் 30 உங்களுக்கு இங்கே பெரிய துணை. தானே கரை கடந்த அந்த நாளில் கடலூர் பக்கத்தில் பலாவும் முந்திரியும் எந்த அளவுக்கு விழுந்தன என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 2012-ல் நீங்கள் வைத்த கன்றுகள் அந்த 20 சென்ட்டிலும் இருக்குமானால், தோப்பின் மற்ற பகுதியிலும் இதிலும் ஒரே வயது மரங்கள், ஒரே வரிசையில் நிற்கும். இடையில் வரப்போ வேலியோ இல்லாமல் வரிசை தொடர்ந்து போகிறது என்பதை கோர்ட் அனுப்புகிற ஒரு வழக்கறிஞர் ஆணையர் நேரில் பார்த்து, சர்வேயரோடு அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள். யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஆணையரை அனுப்பச் சொன்னால் கோர்ட் மறுத்துவிடும். அது சாட்சி விசாரித்து நீதிபதி முடிவு செய்ய வேண்டியது. மண்ணில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். புயல் நிவாரணம் வாங்கியிருந்தால், கன்று வாங்கிய ரசீது இருந்தால், தேடி எடுங்கள்.

இந்த நாலும் எழுவினாவில் இல்லை. ‘உறுத்துக்கட்டளை கிடைக்கத்தக்கதா’ என்ற ஒரே வரிக்குள் எல்லாம் அடங்கிவிடாதா என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். ஒரு வகையில் அடங்கும். இரு தரப்பும் விஷயம் தெரிந்தே சாட்சி வைத்து வாதாடியிருந்தால், எழுவினா போடவில்லை என்பதற்காக மட்டும் தீர்ப்பு கெட்டுவிடாது என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் தனித்தனி விஷயத்துக்குத் தனித்தனி எழுவினா என்பதுதான் சட்டம் எழுதியிருக்கிற முறை. தீர்ப்பில் ஒவ்வொரு எழுவினாவுக்கும் நீதிபதி காரணத்தோடு விடை சொல்ல வேண்டும் என்று 20-ஆவது கட்டளை சொல்கிறது. கேள்வியே தனியாக இல்லையென்றால் விடை தனியாக எங்கிருந்து வரும்? எதிரிடை அனுபோகம் என்று ஓர் எழுவினா தனியாக இருந்தால், அதை நிரூபிக்கும் சுமை அவர் தோளில் இருப்பது விசாரணை தொடங்கும்போதே எல்லாருக்கும் கண்ணில் படும். இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் உங்கள் மேலேயே இருப்பது போல வழக்கு நகரும். 2001-ல் மக்கன் லால் பங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுவினா போடும் நாளை விசாரணையின் எல்லையை வரைகிற நாளாகப் பார்த்தது. வழி தப்பாமல் விசாரணை போக வேண்டிய பாதை அன்றைக்குத்தான் போடப்படுகிறது. அந்தத் தீர்ப்பை நான் இளைய வக்கீல்களுக்கு விடாமல் சொல்லிவருகிறேன்.

இதில் நான் நேரில் பார்த்த ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு சந்து வழக்கு. நாங்கள் பிரதிவாதிக்கு ஆஜரானோம். ஊரே சண்டை போட்டது அந்த ஆறடிச் சந்து பொதுவா, வாதிக்கு மட்டும் சொந்தமா என்பதற்காக. ஆனால் எழுவினா போட்டது வாதியின் வீட்டு உரிமையைப் பற்றி. வீடு அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எங்கள் தரப்பில் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. இரு தரப்பும் வீட்டைப் பற்றியே சாட்சி சொல்லி, அந்தச் சந்தின் விஷயத்தை ஒருவர்கூட ஒழுங்காகப் பேசவில்லை. வாதி ஜெயித்தார். மேல்முறையீட்டில் கூடுதல் எழுவினா போட்டு, அதற்குச் சாட்சி வாங்கி முடிவு அனுப்பும்படி கீழ்க் கோர்ட்டுக்கே கட்டை அனுப்பினார்கள். அதற்குள் சந்தின் வயதை அறிந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அவர் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை. அந்த வாய்தாவில் நானும் கோர்ட்டில் இருந்தேன், நானும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

சரி, மாற்ற முடியுமா? முடியும். தீர்ப்பாணை பிறப்பிக்கும் வரை எந்தக் கட்டத்திலும் எழுவினாவைத் திருத்தலாம், கூடுதலாகப் போடலாம், தேவையில்லாததை அடித்துவிடலாம். தரப்புகளுக்கிடையே இருக்கிற சண்டையை முடிவு செய்ய அது அவசியம் என்றால் நீதிபதி செய்தே ஆக வேண்டும் என்கிறது 14-ஆவது கட்டளையின் 5-ஆவது விதி. கூடுதல் எழுவினா வனையக் கோரி ஓர் இடைமனு போதும். மனுவோடு வரைவையும் கொடுக்கச் சொல்லுங்கள். நம் கோர்ட் நடையில் இப்படி இருக்கலாம்: “1994-ஆம் ஆண்டு நடந்த வாய்மொழிப் பரிவர்த்தனை மூலம் வழக்குச் சொத்தின் கிழக்குப் பகுதி 20 சென்ட் தனக்குக் கிடைத்தது என்ற பிரதிவாதியின் கூற்று உண்மையா? அவ்வாறான பரிவர்த்தனை சட்டப்படி செல்லத்தக்கதா? பிரதிவாதி மேற்படி பகுதிக்கு எதிரிடை அனுபோகத்தின் மூலம் உரிமை அடைந்துள்ளாரா? வழக்குத் தாக்கல் செய்த தேதியில் மேற்படி பகுதி வாதியின் சுவாதீனத்தில் இருந்ததா?” வார்த்தையை உங்கள் வக்கீல் மாற்றிக்கொள்ளட்டும். ‘உண்மையா’ என்று யாருடைய கூற்றைக் கேட்கிறோமோ, சுமை அவர் பக்கம் போகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

‘வழக்கே செல்லாது’ என்று அவர் சொல்லியிருப்பதை முதலில் எடுத்து முடிவு செய்யச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கலாம். கோர்ட்டின் அதிகார வரம்பு, வேறு ஏதாவது சட்டத் தடை என்ற இரண்டு மட்டுமே, அதுவும் சாட்சி தேவைப்படாத சுத்தமான சட்டக் கேள்வியாக இருந்தால், முதலில் எடுக்கலாம். மற்றபடி எல்லா எழுவினாவுக்கும் சேர்த்தே தீர்ப்பு.

ஆனால் வழக்கு செல்லாது என்பதற்கு அவர் சொல்லியிருக்கிற காரணத்தை நீங்கள் அலட்சியம் செய்யக் கூடாது. உங்கள் உரிமையை அவர் மறுத்திருக்கும்போது, நீங்கள் வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், உரிமை விளம்புகை, அதாவது நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது, கேட்கவில்லை என்பது அவர் வாதம். 2008-ல் அனாத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. சுவாதீனம் இருந்தும் உரிமையின் மேல் நிஜமான சந்தேக நிழல் விழுந்துவிட்டால், விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உரிமையைப் பற்றி வழக்குரையில் போதிய கூற்றும் அதற்கு எழுவினாவும் இல்லாமல், வெறும் உறுத்துக்கட்டளை வழக்கில் கோர்ட் உரிமையை ஆராயாது. பத்திரத்தை அவர் ஒப்புக்கொண்டாலும், அந்த 20 சென்ட்டில் மட்டும் பிற்பாடு நடந்த ஏதோ ஒன்றால் உரிமை தன்னிடம் வந்துவிட்டது என்கிறார் அல்லவா, அது சந்தேக நிழல்தான் என்பது என் கருத்து.

ஆகவே கூடுதல் எழுவினா மட்டும் போதாது. வழக்குரையையே திருத்தி, விளம்புகைப் பரிகாரத்தைச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழக்குரையில் இல்லாத ஒன்றுக்கு எழுவினா கேட்டால் கோர்ட் எங்கிருந்து கொடுக்கும்? இந்தத் திருத்தம் அவசரம். விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால், முன்னாடியே ஏன் கேட்கவில்லை, உரிய கவனத்தோடு இருந்தும் கேட்க முடியாமல் போனது ஏன் என்று காரணம் காட்ட வேண்டியிருக்கும். முதல் விசாரணையில் வாயால் சொல்வதற்குப் பதிலாக நீங்கள் எழுத்தில் கொடுக்கிற நிரூபண வாக்குமூலம் தாக்கலானாலே விசாரணை தொடங்கிவிட்டதாக உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுடையது இன்னும் தாக்கலாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதில் கையெழுத்துப் போடும் முன்பே வக்கீலிடம் இதைப் பேசிவிடுங்கள். விளம்புகை கேட்பதற்கு 3 ஆண்டு என்ற காலவரம்பை எதிர்த்தரப்பு கிளப்பும். 2021-ல் கல் ஊன்ற வந்த நாளிலிருந்தா, எதிர்வழக்குரை வந்த நாளிலிருந்தா என்று எண்ணுவதில் சண்டை வரும். அந்தக் கணக்கை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார், இன்னும் நாள் தள்ளாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. கோர்ட் கட்டணம் கூடும். சொத்து மதிப்பு கூடினால் எந்தக் கோர்ட் விசாரிப்பது என்பதும் மாறலாம். அதற்காகத் தயங்க வேண்டாம்.

சொத்து விவரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். நான்கெல்லை தவறு என்று அவர் ஒரு வரி போட்டிருக்கிறார். 1986 பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும், 1993-ல்தானே கடலூர் தனி மாவட்டமானது. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் பத்திரத்தில் இருக்கிற சர்வே எண்ணும் இன்றைய பட்டாவில் இருக்கிற எண்ணும் வேறாக இருந்தால், இரண்டும் ஒன்றே என்று வழக்குரையில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அந்த 20 சென்ட்டைத் தனியாக நான்கெல்லையோடு காட்டி, ஒரு வரைபடமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இன்னொரு தேதி. எழுவினா போட்ட நாளிலிருந்து 15 நாளைக்குள் சாட்சிப் பட்டியல் கொடுக்க வேண்டும். போன மாதமே எழுவினா போட்டாகிவிட்டது என்பதால் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தவறியிருந்தால் காரணம் சொல்லி அனுமதி வாங்கலாம்.

இப்போது நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிற மோட்டார் கொட்டகைக்கு வருகிறேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்கிறீர்கள். சகோதரி, மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எதிர்வழக்குரையின் 7-ஆவது பத்தியைப் படியுங்கள். 1994-ல் கிழக்கே 20 சென்ட்டை அவர் எடுத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகத் தன் நிலத்தில் கிணற்றடி 20 சென்ட்டை உங்கள் அப்பாவுக்குக் கொடுத்ததாகவும், அதில்தான் உங்கள் மோட்டார் கொட்டகை நிற்பதாகவும் எழுதியிருக்கிறார். பரிவர்த்தனை நடக்கவில்லை என்கிற நீங்கள், அவர் நிலத்தில் கொட்டகை எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அதற்கு நேர்மையான பதில் ஏதோ ஒன்று இருக்கும். கிணறு பொதுக் கிணறாக இருந்து, தண்ணீர்ப் பங்குக்காகக் கொட்டகை போட்டிருக்கலாம். உறவு முறையில் அவரே அனுமதி கொடுத்திருக்கலாம். அல்லது அப்பா உண்மையிலேயே ஏதோ பேசி வைத்திருக்கலாம், அது உங்களுக்குச் சொல்லப்படாமல் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுப்பிய புது விஷயத்துக்கு நீங்கள் பதிலுரை போடாததாலேயே அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. ஆனாலும் கொட்டகையைப் பற்றி உங்கள் விளக்கம் எழுத்தில் எங்கேயாவது இருந்தால்தான் பின்னால் அதற்குச் சாட்சி வைக்க முடியும். கோர்ட்டின் அனுமதியோடு ஒரு பதிலுரை தாக்கல் செய்யலாம், அல்லது வழக்குரைத் திருத்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டில் ஒன்று தேடுங்கள். அந்த மோட்டாருக்கு ஈ.பி. இணைப்பு வாங்கியபோது கொடுத்த அட்டை அல்லது பழைய ரசீது, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரத்தோடு சேர்ந்தே இருக்கக்கூடும். கிடைக்காவிட்டால் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் இணைப்பு எண்ணைச் சொல்லி, எந்தத் தேதியில் யார் பெயரில் கொடுத்தது என்று எழுதிக் கேளுங்கள். 1994-க்கு முன்பே அந்த இடத்தில் உங்கள் அப்பா பெயரில் இணைப்பு இருந்தது என்றால், மாற்றிக்கொண்டதால்தான் கொட்டகை வந்தது என்ற பேச்சு ஆட்டம் கண்டுவிடும். 1994-க்குப் பின் என்றால், அதற்கும் சேர்த்து வழக்கை எப்படி நடத்துவது என்று உங்கள் வக்கீல் இப்போதே யோசிக்க வேண்டும். எந்தத் தேதி வந்தாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உங்கள் வழக்கறிஞர்